நல்லதை மட்டும் பேசச் சொல்கிறவர்களுக்கு, நாகர்கோவிலிலிருந்து ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தின் வளர்ச்சியைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிற பெரியவர்களுக்கு, வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிகளுக்கு, ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு, வார்டு உறுப்பினர்களுக்கு, அப்புறம் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்து விமானம் ஏறுவதற்கு முன் "எல்லாம் நல்லாத்தானே இருக்கு, நீங்கதான் சும்மா குறை சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற தம்பிமாருக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக உங்கள் எல்லோர் பேச்சிலும் ஒரே விஷயம் வருகிறது. ஊரைப் பற்றிக் குறை பேசாதீர்கள், குறை பேசினால் முதல் போட யாரும் வர மாட்டார்கள், பிள்ளைகள் படித்து முடித்ததும் ஊரை விட்டு ஓடுவார்கள், பக்கத்து மாநிலத்துக்காரன் சிரிப்பான், அதனால் நல்லதை மட்டும் பேசுங்கள். இதை நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்வது சரியில்லை. ஏன் சரியில்லை என்று கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் "இந்த ஊரு உருப்படாது மக்கா" என்று சொல்லி சாயாவை உறிஞ்சுகிற கூட்டம் ஒன்று எல்லா முக்கிலும் இருக்கிறது. உங்களைவிட அவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம். மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டை ரயில் பாதை வரவே வராது என்றார்கள், வந்துவிட்டது. சென்னைக்கு வந்தே பாரத் எல்லாம் மதுரையோடு, மிஞ்சினால் திருநெல்வேலியோடு நின்றுவிடும் என்றார்கள், 2024 ஆகஸ்ட் 31 முதல் எழும்பூரிலிருந்து நாகர்கோவில் வரை ஓடுகிறது. ஒரு காலத்தில் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும், இன்றைக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதையெல்லாம் அவர்கள் ஒருநாளும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உருப்படாது என்று சொல்லிவிட்டால் ஒரு மனு எழுத வேண்டாம், ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டாம், வார்டு உறுப்பினரின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டாம். எவ்வளவு வசதி பாருங்கள்.

ஆனால் இந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் நீங்கள் எல்லாருடைய வாயையும் மூடப் பார்க்கிறீர்கள். சும்மா புலம்புகிறவனையும், இந்தத் தெருவில் இந்த ஓடை இந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டுகிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறீர்கள். இந்த மாவட்டத்தில் கடந்த பத்து வருடத்தில் நடந்த பெரிய விஷயங்களை எடுத்துப் பார்த்தால், அந்த இரண்டாவது ஆள் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்குத்தான் நாம் அதிக விலை கொடுத்திருக்கிறோம்.

துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை குளச்சல் பக்கம் இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஊரெல்லாம் பட்டாசு. இனி குமரியின் முகமே மாறப் போகிறது, சிங்கப்பூராகப் போகிறது, கொழும்பாகப் போகிறது என்று பேச்சு. அப்போது கடற்கரை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். எங்கள் வீடு என்ன ஆகும், வள்ளம் எங்கே ஏற்றுவோம் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. கடலை அள்ளிக் கல்லைப் போட்டால் பக்கத்து ஊர்க் கரையை அலை தின்னும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் இருந்தது. கேரளத்து விழிஞ்ஞத்தில் 2015 டிசம்பரிலேயே துறைமுக வேலை தொடங்கிவிட்டது, இனயத்துக்கும் அதற்கும் கடல்வழியே முப்பது கிலோமீட்டர் வாக்கில்தான் தூரம், இவ்வளவு பக்கத்தில் இரண்டு பெரிய துறைமுகங்களுக்குக் கப்பல் எங்கிருந்து வரும்? இது ஒரு முதலாளி முதல் போடுவதற்கு முன் கேட்கிற கேள்வி. ஆனால் கேட்டவன் முதலாளி இல்லையே, மீன்பிடிக்காரன், அதனால் அவனுக்கு "வளர்ச்சிக்கு எதிரி" என்று பட்டம் கொடுத்தாயிற்று. அப்புறம் இனயம் வேண்டாம், கன்னியாகுமரி பக்கத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவில் வைக்கலாம் என்று இடம் மாற்றினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. இன்றைக்கு இனயத்திலும் துறைமுகம் இல்லை, கோவளத்திலும் இல்லை. விழிஞ்ஞம் 2025 மே 2-இல் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம், அது இருந்துவிட்டுப் போகட்டும். அந்தச் சில வருடங்களில் குளச்சலில் ஏற்கனவே இருக்கிற சின்னத் துறைமுகத்தை எப்படி உருப்படியாக்குவது, தேங்காய்ப்பட்டணத்து மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஆள் சாகிறதே அதற்கு என்ன வழி என்று பேசியிருக்கலாம். பேசவில்லை. பெரிய கனவைக் கேள்வி கேட்டவர்களைத் திட்டுவதிலேயே காலம் போய்விட்டது. இதில் எனக்கு இன்னும் ஆறாத சங்கதி ஒன்று உண்டு. நம்ம ஊர் மலையை உடைத்த கல்தான் டாரஸ் லாரிகளில் மார்த்தாண்டம் வழியாக, களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. கல் நம்முடையது, உடைந்த ரோடு நம்முடையது, லாரி மோதிச் செத்தவன் நம்ம ஊர்க்காரன். இதைச் சொன்னாலும் குறை சொல்வதாகத்தான் ஆகுமா?

அடுத்தது நான்கு வழிச் சாலை. காரோட்டிலிருந்து வில்லுக்குறி, அங்கிருந்து கன்னியாகுமரி. வரட்டும் என்றுதான் எல்லாரும் சொன்னோம், பழைய ரோட்டில் மார்த்தாண்டத்தைக் கடப்பதற்குள் ஒரு மனுஷனுக்கு வயசாகிவிடும். ஆனால் வரைபடத்தைப் பார்த்தவர்கள் சிலர், இந்தப் பாதை இத்தனை குளங்களையும் ஏலாக்களையும் (வயல்வெளிகளையும்) குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதே, குளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்குவதற்குப் பதிலாகத் தூண் நிறுத்திப் பாலமாகக் கொண்டு போகலாமே, அதோடு இவ்வளவு மண்ணுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டார்கள். வழக்கம்போல முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்று பேர். கடைசியில் வேலை வருடக்கணக்காக இழுத்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? மண் தட்டுப்பாடு. கேள்வி கேட்டவன் சொன்ன அதே மண். பாதியில் நின்ற மேட்டில் புல் முளைத்து மாடு மேய்ந்ததை நாமெல்லாரும் பஸ்ஸிலிருந்து பார்த்தோம். அன்றைக்கே அந்த ஆளை உட்கார வைத்து, சரி சொல்லுங்கள், எந்தக் குளம், எவ்வளவு ஆழம் என்று கேட்டிருந்தால் ரோடு சீக்கிரம் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டவர்கள் எல்லா நேரமும் சரியாகச் சொன்னார்கள் என்று இல்லை. மார்த்தாண்டத்தில் இரும்புப் பாலம் வருகிறது என்றபோது வியாபாரம் படுத்துவிடும், ஊரே இருண்டுவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. 2018-இல் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கமாகத் திருவனந்தபுரத்துக்குப் போகிற யாரும் பாலமே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பார்வதிபுரம் பாலமும் அப்படித்தான். ஆனால் பாருங்கள், 2024-இல் மார்த்தாண்டம் பாலத்தில் ஓட்டை விழுந்து போக்குவரத்தை நிறுத்த வேண்டி வந்தது. பாலம் வந்ததைக் கொண்டாடினோம், சரி, கொண்டாட வேண்டியதுதான். திறந்த நாளுக்கும் ஓட்டை விழுந்த நாளுக்கும் நடுவில் யார் அதை ஏறிப் பார்த்தார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று நம்மில் யாராவது கேட்டோமா? நீங்களும் கேட்கவில்லை, உருப்படாது கூட்டமும் கேட்கவில்லை. ஓட்டை விழுந்த அன்றைக்கு அவர்களுக்குச் சந்தோஷம், "அப்பவே சொன்னோம்ல" என்றார்கள். அவர்கள் சொன்னது வேறு.

எனக்கு உங்கள் இரண்டு தரப்போடும் இருக்கிற வழக்கே இதுதான். புகழ்வதற்கும் திட்டுவதற்கும் உங்களுக்கு ஒரு திறப்பு விழா வேண்டும். கல் நாட்டுகிற நாளும் ரிப்பன் வெட்டுகிற நாளும்தான் உங்கள் கண்ணில் படுகின்றன. நம்ம ஊரில் ஒரு ரோட்டுக்கு அறிவிப்பு வந்ததும் நன்றி போஸ்டர், நிதி ஒதுக்கியதும் நன்றி போஸ்டர், டெண்டர் விட்டதும் ஒரு போஸ்டர், பூஜை போட்டதும் ஒரு போஸ்டர். நாலு போஸ்டருக்கு அப்புறமும் ஒரு சட்டி ஜல்லி விழுந்திருக்காது. நாலு தடவை கைதட்டியவனுக்கு ஐந்தாவது தடவை, ரோடு எங்கேப்பா என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தைத்தான் நீங்கள் நம்பிக்கை என்கிறீர்கள்.

கண்ணாடிப் பாலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அதற்கு எதிரி என்று நினைத்துக்கொள்வீர்கள். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய், 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். நல்ல வேலை. கடல் உள்வாங்கும் நேரங்களில் படகு வள்ளுவர் சிலைப் பக்கம் போக முடியாமல், பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற சனங்களை எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம். அந்தப் பிரச்சினைக்கு அது உண்மையான தீர்வு. அழகாகவும் இருக்கிறது. அதே கன்னியாகுமரியில் படகுத் துறையில் வெயிலில் வரிசை நிற்கிற கிழவிக்கு நிழலும், கைக்குழந்தைக்காரிக்குக் கழிப்பிடமும் வேண்டும் என்று ஒருத்தர் எழுதினால், உடனே பாலத்தைக் குறை சொல்கிறான் என்று ஏன் பாய்கிறீர்கள்? அவர் பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லையே.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன், அங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவள். நாகர்கோவிலைச் சுற்றி, அப்புறம் தக்கலை, கருங்கல் வரைக்கும் மனை பார்க்கப் போவேன். வளர்ச்சி என்று நீங்கள் மேடையில் சொல்வது எனக்கு சென்ட் கணக்கில் தெரியும்.

2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடியாக நாம்தான். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறோம் என்கிறது அதே கணக்கு. ஆனால் நகரம் எங்கே? ஒரு மாநகராட்சி, விரல் விட்டு எண்ணும் அளவு நகராட்சிகள், ஐம்பதுக்கு மேல் பேரூராட்சிகள். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை வந்தால் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது, விளைக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் ரப்பர், அதற்குப் பின்னால் இன்னொரு வீடு. சென்னை மாதிரி அடர்த்தியாக வாழ்கிறோம், கிராமம் மாதிரி சிதறி வாழ்கிறோம். எந்த ஊருக்கும் தனியாகச் சாக்கடைக் குழாய் போட முடியாத அளவுக்குச் சிதறல், குழாய் இல்லாமல் சமாளிக்க முடியாத அளவுக்கு நெருக்கம்.

இதன் விளைவு ஒரு நாலு சென்ட் மனையில் தெரியும். வீட்டுக்காரர் துபாயில் சம்பாதித்தவர், நல்ல வீடு வேண்டும், தப்பில்லை. போர்டிகோ, கார் நிற்க இடம், முன்னால் ஒரு கிணறு, ஏனென்றால் நம்ம ஊரில் கிணறு இல்லாத வீட்டை வீடு என்றே சொல்ல மாட்டார்கள். பின்னால் செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் டேங்குக்கும் போதிய தூரம் விடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு டேங்க் மதிலுக்கு அந்தப் பக்கம் என் கிணற்றை ஒட்டித்தான் இருக்கும். அவர் முந்திக் கட்டிவிட்டார், அவரை என்ன சொல்ல? நாகர்கோவிலின் பாதாளச் சாக்கடைத் திட்டம் பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது, அதற்காகத் தோண்டிய ரோட்டில் விழுந்து கை ஒடிந்தவர்கள் எல்லா வார்டிலும் உண்டு. நகரத்துக்கே இந்தக் கதி என்றால் பேரூராட்சிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம் பேஸ்மட்டம். வருகிற ஒவ்வொருத்தரும் சொல்கிற முதல் வார்த்தை, "அக்கா, ரோட்டிலிருந்து மூணடி தூக்கிருங்க." ஏனென்றால் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. இவர் மூணடி தூக்குவார், ரோடு ஒரு அடி ஏறும், அடுத்தது கட்டுகிறவர் நாலடி தூக்குவார், நடுவில் அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் இருக்கிற பாட்டி மழைக்கு முற்றத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பாள். அந்தப் பாட்டியின் வீட்டுத் தண்ணீர் முன்னெல்லாம் ஒரு குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. குளத்துக்குப் போகிற ஓடைமேல் இப்போது கடை இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் சுற்றுப்பகுதியும் மேற்கே பாதி மாவட்டமும் மிதந்தது, திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. 2023 டிசம்பரில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் வரலாறு காணாத மழை என்று சொல்லிக்கொண்டோம். மழை பெரிய மழைதான். ஆனால் பழையாற்றங்கரையை ஒட்டி ஒழுகினசேரிப் பக்கம் தாழ்ந்த வயலில் மண்ணைப் போட்டு மனையாக்கி விற்றதும் நாம்தான், வாங்கியதும் நாம்தான். நல்லதை மட்டும் பேசு என்றால், பிளான் கேட்டு வருகிறவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? இது வயல், இங்கே தண்ணீர் வரும் என்று சொல்வது அவநம்பிக்கையா?

தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்குக் கொடுக்கிற ராம்சர் தகுதி கிடைத்தது. உலகக் கணக்கில் நம்ம குளம். பறவை பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறது, எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாகர்கோவிலின் கழிவுநீர் பழையாற்றில்தான் கலக்கிறது, அந்த ஆறு சுசீந்திரம் வழியாகத்தான் மணக்குடிக் கடலுக்குப் போகிறது. இந்த இரண்டு வரியையும் ஒரே மூச்சில் சொல்லத் தைரியம் வேண்டும். முதல் வரியைச் சொல்லி நிறுத்திவிடச் சொல்கிறீர்கள் நீங்கள், இரண்டாவதை மட்டும் சொல்லிக் காறித் துப்புகிறது அந்தக் கூட்டம்.

முதல் போடுகிறவன் பயந்து ஓடுவான் என்ற வாதத்துக்கு வருவோம். கடை கட்டவும் லாட்ஜ் கட்டவும் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. ஊரைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை. முன்னால் ரோடு எத்தனை அடி, அது எப்போது அகலமாகும், கழிவுநீர் எங்கே போகும், தண்ணீர் கோடையில் வருமா, வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரம், தீப்பிடித்தால் புகை இந்தப் பக்கம் வருமா என்று கேட்கிறார்கள். பீச் ரோட்டுக்காரர்கள் அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள், அது யாரும் எழுதி வந்த புகை இல்லை. முதல் போடுகிறவன் தன் கண்ணாலேயே பார்க்கிறான். நாம் வாயை மூடிக்கொண்டால் அவனுக்குத் தெரியாது என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

பிள்ளைகள் போவதும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 2011-லேயே 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். தெருவுக்கு ஒரு என்ஜினியர், வீட்டுக்கு ஒரு நர்ஸ். அவர்கள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போவது வேலைக்காக. ஊரைப் பற்றி நாலு பேர் குறை பேசியதைக் கேட்டுப் பெட்டி கட்டியவன் ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்லை.

சரித்திரத்துக்குள் ரொம்பப் போக விரும்பவில்லை, ஆனால் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். திருவிதாங்கூரில் எல்லாம் நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பேச்சிப்பாறை அணை இருக்கிறது, எதற்குக் குறை சொல்கிறீர்கள் என்று அன்றைக்கும் கேட்டார்கள். பேச்சிப்பாறை அணை உண்மையிலேயே நல்ல அணை, 1906-இல் கட்டி முடித்தது, இன்றைக்கும் நம்ம சானல்களில் தண்ணீர் வருவது அதனால்தான். அதை மறுக்காமலேயே, நிர்வாகத்தில் எங்கள் மொழிக்கு இங்கே இடம் இல்லை என்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய நேசமணியும் அவரோடு நின்றவர்களும் சொன்னார்கள். 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் தொடுவட்டியிலும் போராடியவர்களைப் போலீசார் சுட்டார்கள். 1956 நவம்பர் 1-இல் இந்த மாவட்டம் பிறந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறீர்கள், நானும் வருகிறேன். அவர்களை யாராவது அன்றைக்கு நல்லதை மட்டும் பேசச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று மாலை போடும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இனி குறை சொல்கிற என் கட்சிக்காரர்களுக்கும் ரெண்டு வார்த்தை. மாநகராட்சி மோசம், கலெக்டர் மோசம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். ஒரு ரோடு தேசிய நெடுஞ்சாலையின் கையில், அடுத்தது மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில், உள்ளே திரும்பினால் மாநகராட்சி, சானல் கரை நீர்வளத் துறை, தண்டவாளத்துக்கு அடியில் போகிற பாதை ரயில்வே, அந்த ரயில்வேயும் மதுரைக் கோட்டம் இல்லை, திருவனந்தபுரம் கோட்டம். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது, 52 வார்டு, ஆளூரும் தெங்கம்புதூரும் உள்ளே வந்தன, வரி ஏறியது. ஆனால் எந்த ரோடு யாருடையது என்பது பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. தப்பான வாசலில் போய்க் கத்துகிறோம், அந்த வாசலில் இருக்கிறவர் "இது எங்க ரோடு இல்லை" என்று கையை விரிக்கிறார், அவர் சொல்வதும் உண்மைதான், நாம் திரும்பி வந்து உருப்படாது கட்சியில் சேர்ந்துவிடுகிறோம். எந்த இடம், எந்தத் துறை, எந்த வருடம் தொடங்கியது, எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் அதை அவ்வளவு சுலபமாகத் தட்டிவிட முடியாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அடுத்த தடவை வளர்ச்சிக் கூட்டம் போடும்போது பொன்னாடைகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, முதல் அரை மணி நேரம் முடியாத வேலைகளின் பட்டியலை வாசியுங்கள். நான்கு வழிச் சாலை எந்தப் பகுதி முடிந்தது, எந்தப் பகுதி நிற்கிறது, ஏன் நிற்கிறது. திருவனந்தபுரம் பக்க இரட்டைப் பாதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு எந்தெந்தத் தெருவில் கொடுத்தாயிற்று, எங்கே இன்னும் இல்லை. வலம்புரிவிளையில் பழைய குப்பை எவ்வளவு அள்ளியாயிற்று. வாசித்துவிட்டு அந்தந்தத் துறைக்காரரை எழுப்பி ஒரு தேதி கேளுங்கள், அடுத்த கூட்டத்தில் அந்தத் தேதியிலிருந்து தொடங்குங்கள். தேதி தவறியிருந்தால் ஏன் என்று மரியாதையாகவே கேட்கலாம், சண்டை போட வேண்டியதில்லை. முடிந்த வேலைக்குக் கைதட்டுங்கள், முதல் கைதட்டல் என்னுடையதாக இருக்கும். கடற்கரையிலிருந்து வருகிறவர்களை மேடைக்குக் கீழே கடைசி வரிசையில் உட்கார வைக்காமல், முதலில் பேசவிடுங்கள்.

இதற்கெல்லாம் நாள் ஆகும் என்றால், இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன், உங்கள் உங்கள் வார்டில் குளத்துக்குப் போகிற ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலையிலிருந்து குளம் வரை வார்டு உறுப்பினரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே மூடியிருக்கிறது, எங்கே கடை நிற்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று குறித்து எனக்குக் கொடுத்தால், அளந்து வரைந்து தருகிறேன், காசு வேண்டாம். அதை வைத்துக்கொண்டு அப்புறம் பேசுவோம், நல்லதா கெட்டதா என்று.

இப்படிக்கு,
வெட்டூர்ணிமடத்தில் பிளான் போட்டுப் பிழைக்கும் உங்கள் ஊர்க்காரி